பொதுத் திடலுக்கு வாடகை



நமது ஊவா மாகாணத்தின் ஒரு நகரம். பெயர் வேண்டாம், இன்று அங்கு நடப்பது நாளை வேறோர் ஊரிலும் நடக்கக் கூடியதே. ஞாயிறு பிற்பகல், நோயாளி ஒருவருக்கு நற்கருணை கொடுத்துவிட்டு நகரப் பூங்காவின் பக்கமாக நடந்து வந்துகொண்டிருந்தேன். பூங்காவைச் சுற்றித் தகரம் அடைத்திருந்தார்கள். உள்ளே ஒலிபெருக்கி முழங்கிற்று. இராட்டினமும் மரணக் கிணறும் தகரத்துக்கு மேலாகத் தலை நீட்டின. வாசலில் ஒருவர் டிக்கட் கிழித்துக்கொண்டு நின்றார்.

தகரத்துக்கு வெளியே, வாய்க்கால் கட்டின்மேல், எனக்குப் பழக்கமான தோட்டத்துக் குடும்பமொன்று உட்கார்ந்திருந்தது. தாய், பாட்டி, மூன்று பிள்ளைகள். சாமான் வாங்க வந்தவர்கள், பஸ்ஸுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்ததால் பிள்ளைகளைச் சற்று ஓடியாட விடலாம் என்று பூங்காவுக்கு வந்திருக்கிறார்கள். ஐந்து பேருக்கும் டிக்கட் வாங்கினால் அந்தத் தாயின் அரைப் பேர்ச் சம்பளம் போய்விடும். கணக்குப் பார்த்துவிட்டு வெளியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

“போன தீவாளிக்கு வந்தப்ப தெறந்துதான் கெடந்துச்சு சாமி. இப்ப இது நம்ம எடம் இல்லியா?” என்று கேட்டார் அந்தத் தாய்.

அவர் குறை சொல்லவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்கு உடனே பதில் வரவில்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடியே இதை எழுதுகிறேன்.

அடுத்த நாள் எனக்குத் தெரிந்த சபை உறுப்பினர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். கோபத்துடன்தான் சொன்னேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் நேர்மையானவர். “பாதர், அந்தப் பூங்காவின் மின்குமிழ் எரிய வேண்டும். மலசலகூடம் கழுவ ஆள் வேண்டும். மழையில் சரிந்த மதிலைக் கட்ட வேண்டும். பணத்துக்கு எங்கே போவது? வருடத்தில் பத்து நாள் வாடகைக்கு விட்டால் மற்ற நாளெல்லாம் பூங்காவைத் திறந்து வைக்கலாம்” என்றார்.

வாசகரே, இந்தப் பேச்சை எளிதாகத் தள்ளிவிட முடியாது. உள்ளூராட்சி மன்றத்தின் பணப்பெட்டியைப் பற்றி நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. குப்பை அள்ளவில்லை என்றால் சபையை ஏசுகிறோம். வரி ஏற்றினாலும் சபையை ஏசுகிறோம். சபையின் கைக்கு வருவது என்ன? வீடு, கடைகளுக்கான மதிப்பீட்டு வரி, சந்தைக் கடைகளின் வாடகை, வியாபார அனுமதிக் கட்டணம், களியாட்ட வரி, மாகாண சபை வழியாக வந்து சேரும் முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப் பணமும். மதிப்பீட்டைத் திருத்துவதென்றால் வாக்கு போய்விடும் என்று அஞ்சி ஆண்டுக்கணக்கில் தள்ளிப் போடுகிற சபைகள் உண்டு. 2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியில் எண்ணெய், சீமெந்து, மின்சாரம் எல்லாம் பன்மடங்கு ஏறின. வரியோ பழைய இடத்திலேயே நின்றது. போதாக்குறைக்கு 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தது. 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடக்கும்வரை மக்கள் தெரிந்த உறுப்பினர் ஒருவருமின்றி அதிகாரிகளே சபைகளை நடத்தினார்கள். அப்படிப்பட்ட காலத்தில், கேள்விப் பத்திரம் நீட்டி ரொக்கமாகப் பணம் கட்ட வரும் களியாட்டக்காரர், சபைக்குத் தேவதூதன் போலத் தோன்றினால் வியப்பில்லை.

(மதிப்பீட்டு வரியை நம் நாட்டிலே சோலை வரி என்றும் சொல்வார்கள். சோலையின் பெயரால் வரி கட்டிவிட்டு, சோலைக்குள் நுழைய மறுபடியும் டிக்கட் வாங்குகிறோம் பாருங்கள்!)

ஆகவே பணம் தேடுவது குற்றமல்ல. ஆனால் எதை விற்றுத் தேடுகிறோம் என்ற கேள்வி இருக்கிறது. சந்தைக் கடையும் சபையின் சொத்து, பூங்காவும் சபையின் சொத்து; ஒன்றை வாடகைக்கு விடலாம் என்றால் மற்றதை ஏன் விடக் கூடாது? அந்த உறுப்பினர் இவ்வாறு கேட்டிருந்தால் நான் உடனடியாகத் திணறியிருப்பேன். ஆற அமர யோசித்தால் வேறுபாடு தெரிகிறது. சந்தைக் கடை வாடகைக்கென்றே கட்டப்பட்டது. அதை ஒரு வியாபாரி எடுத்துக்கொண்டால் வேறு ஒருவருடைய உரிமையும் பறிபோவதில்லை. பூங்கா அப்படியல்ல. ஒருவருக்குக் கொடுக்கும் அந்தக் கணமே மற்ற எல்லாரையும் வெளியே தள்ளினால்தான் அதை வாடகைக்கு விட முடியும். தகரம் இல்லாவிட்டால் டிக்கட் இல்லை. அதாவது, களியாட்டக்காரர் வாங்குவது புல்லையும் மண்ணையும் அல்ல. பிறரை உள்ளே விடாமல் தடுக்கும் அதிகாரத்தை. அந்த அதிகாரம் சபையின் கையில் விற்பனைக்கு இருக்கிறதா?

குருமடத்தில் நாங்கள் படித்த உரோமைச் சட்டத்தில் இதற்கொரு பழைய விடை உண்டு. 533ஆம் ஆண்டு ஜஸ்தீனியன் மன்னர் வெளியிட்ட சட்டப் பாடநூல், நாடக அரங்கு, விளையாட்டுத் திடல் போன்றவை ஒரு நகரச் சமூகம் முழுமைக்கும் உரியவை, தனியாட்களுக்கு உரியவை அல்ல என்று பிரித்துச் சொல்கிறது. ஒல்லாந்தர் இந்த நாட்டுக்குக் கொண்டுவந்த உரோமன்-டச்சுச் சட்டத்தின் வேர் அதுதான். புனித அக்குவினாஸ் தோமையார் இன்னும் ஒருபடி மேலே போகிறார். ஒரு பொருளைச் சேர்க்கவும் நிர்வகிக்கவும் மனிதனுக்குத் தனியுரிமை இருக்கலாம். ஆனால் அதன் பயனை அனைவருக்கும் பொதுவானதாகவே அவன் கருத வேண்டும் என்பது அவரது போதனை. தனியார் சொத்துக்கே அந்த நிபந்தனை என்றால், தொடக்கத்திலிருந்தே பொதுவாயிருக்கும் திடலைப் பற்றி என்ன சொல்வது? சபை அதற்கு உடைமையாளரல்ல, பொறுப்பாளர். சாவி கையில் இருப்பதால் காவலாளி வீட்டுக்காரராகிவிட மாட்டார்.

இது வெறும் புத்தகப் பேச்சு என்று நினைக்க வேண்டாம். நம் உயர் நீதிமன்றம் இதைத் தீர்ப்பாகவே சொல்லியிருக்கிறது. கொழும்புக் காலிமுகத்திடலை நீங்கள் அறிவீர்கள். ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி 1859இல் முடித்த நடைபாதை அது. கொழும்பின் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் இதைப் பேணுமாறு தமக்குப் பின்வரும் ஆளுநர்களைக் கேட்டு அவர் வைத்த கல் இன்றும் அங்கே நிற்கிறது. அந்தத் திடலை, பெரும் பொழுதுபோக்கு வளாகம் அமைக்கத் தனியார் நிறுவனமொன்றுக்குக் கொடுக்க நகர அபிவிருத்தி அதிகார சபை ஒப்பந்தம் செய்தது. பத்திரிகையில் செய்தி பார்த்த சுற்றாடல் பாதுகாப்பு அமைப்பொன்று ஒப்பந்தத்தின் விபரம் கேட்டது. கொடுக்க மறுத்தார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது. 2005ஆம் ஆண்டு பிரதம நீதியரசர் சரத் என். சில்வா அளித்த தீர்ப்பில், அந்த ஒப்பந்தம் செல்லாது, திடல் பொதுமக்கள் பயன்பாட்டுக்கே உரியது என்று கூறப்பட்டது. விபரத்தை மறைத்ததும் அடிப்படை உரிமை மீறலே என்றது நீதிமன்றம். நம் காதுக்கு முக்கியமானது இன்னொன்று: அத்திடலைப் பேணுவதற்கான வளத்தை அரசு வழங்க வேண்டும் என்றும் தீர்ப்பு சுட்டிக்காட்டியது. பணமில்லை, ஆகவே கொடுத்துவிடுகிறோம் என்ற வாதத்துக்கு அங்கேயே மறுமொழி கிடைத்துவிட்டது.

பதினேழு ஆண்டுகள் கழித்து, 2022 ஏப்ரலில், நாட்டு மக்கள் தங்கள் துயரத்தைச் சொல்ல வந்து கூடாரமடித்ததும் அதே காலிமுகத்திடலின் ஓரத்தில்தான். அவர்களுடைய அரசியல் உங்களுக்கு ஏற்புடையதோ இல்லையோ, அவ்விடத்தில் டிக்கட் வாசல் ஒன்று இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று மட்டும் எண்ணிப் பாருங்கள்.

காலிமுகத்திடலை முழுதாக ஒரே கையெழுத்தில் கொடுக்கப் பார்த்ததால் நாடே விழித்துக்கொண்டது. ஆபத்து பெரும்பாலும் இப்படிப் பெரிய உருவில் வருவதில்லை. துண்டு துண்டாகத்தான் வரும். இதற்குச் சென்னையைப் பார்க்க வேண்டும். சென்னை மத்திய ரயில் நிலையத்தில் இறங்கிய நம்மவர்கள் பலருண்டு. அந்த இடத்தை அடுத்து ஒரு காலத்தில் 116 ஏக்கரில் ‘மக்கள் பூங்கா’ இருந்தது. 1859இல் ஆளுநர் சார்ல்ஸ் ட்ரெவெலியன் நகர மக்களுக்கென்று எண்ணி உருவாக்கியது. குளங்கள், மிருகக் காட்சிசாலை, இசை மேடை எல்லாம் இருந்தன. பிறகு 1880களில் நகர மண்டபம் கட்ட ஒரு துண்டு நீண்டகாலக் குத்தகைக்குப் போயிற்று. 1900இல் மூர் மார்க்கெட் திறக்கப்பட்டது. நடைபாதைக் கடைகளால் தெரு அசுத்தமாகிறது, அவர்களுக்கு நல்ல கட்டடம் வேண்டும் என்பது காரணம். நல்ல காரணம்தான். 1913இல் மாநகராட்சி தன் சொந்தத் தலைமையகத்தையே, அந்த அழகான வெள்ளை ரிப்பன் கட்டடத்தையே, பூங்கா நிலத்தில் கட்டிக் குடியேறியது. விளையாட்டரங்கு வந்தது, ரயில்வே வந்தது. 1985இல் மூர் மார்க்கெட் தீக்கிரையான பின் அந்த இடமும் ரயில் நிலையத்துக்கே சேர்ந்தது. இன்று ‘மக்கள் பூங்கா’ என்று தேடிப் போனால் பெயருக்குச் சில துண்டுகள்தான் மிஞ்சும். திருடர் யாரும் அதைத் திருடவில்லை. ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு நியாயமான தேவைக்காக, சட்டப்படி, கௌரவமான மனிதர்களால் எடுக்கப்பட்டது. எனக்கு அச்சம் தருவது அதுவே.

பணக்கார நாடுகளுக்கும் இந்தத் தொல்லை உண்டு. இலண்டனிலே நம் தமிழர் பலர் வாழும் பகுதிக்கருகில் பின்ஸ்பரி பூங்கா இருக்கிறது. நகரசபை அதைப் பெரும் இசைவிழாவுக்கு வாடகைக்கு விட்டது, அயலவர்கள் வழக்காடினர், 2017இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் சபைக்கு அந்த அதிகாரம் உண்டென்று தீர்ப்பளித்தது. 2025இலோ வேறொரு பூங்கா தொடர்பில், நாட்கணக்கை மீறி வேலியடைத்ததற்கு அனுமதித்தது தவறென்று அங்குள்ள நீதிமன்றம் இன்னொரு சபையைக் கண்டித்தது. ஆக, சட்டம் ஒருநாள் இப்படியும் ஒருநாள் அப்படியும் சாயும். மனச்சாட்சியின் கேள்வியைச் சட்டத்தின் தலையில் முழுதாகச் சுமத்திவிட முடியாது.

இனி நம் மலைகளுக்கு வருவோம். இந்தக் கேள்வி கொழும்பையும் இலண்டனையும்விட நமக்கு ஏன் கூர்மையானது?

லயத்தில் வாழ்பவரின் நாளை எண்ணிப் பாருங்கள். காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். அதன் முன்னாலுள்ள வாசல் தோட்டத்துக்குச் சொந்தம். பெரட்டுக் களம் தோட்டத்துக்குச் சொந்தம். பிள்ளைகள் பந்தடிக்கும் மைதானமும் அப்படியே. அங்கே ஒரு விளையாட்டுப் போட்டி வைக்க வேண்டுமானால் துரையிடம் கடிதம் கொடுத்து உத்தரவு வாங்க வேண்டும். அரசாங்கத் தோட்டமாயிருந்த காலத்திலும் அப்படித்தான். 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போன பின்னும் அப்படித்தான். பிறந்த நாள் முதல் ஒருவரிடம் அனுமதி கேட்டே கால் ஊன்றும் மக்கள் இவர்கள். பதுளைக்கோ பண்டாரவளைக்கோ ஹப்புத்தளைக்கோ வந்து நகரப் பூங்காவின் புல்லில் உட்காரும்போதுதான், யாரிடமும் கேட்காமல், யாருக்கும் கும்பிடு போடாமல் அவர்கள் ஓரிடத்தில் இருக்கிறார்கள். நகரத்தாருக்குப் பூங்கா பொழுதுபோக்கு. தோட்டத்தாருக்கு அது குடியுரிமையின் சிறு துண்டு.

“தோட்டத்தார் சோலை வரி கட்டுவதில்லையே, பிறகென்ன உரிமை?” என்று கேட்பவர் உண்டு. என் காதாலேயே கேட்டிருக்கிறேன். இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். முதலாவது, பிரதேச சபைகள் தோட்ட நிலத்துக்கு ஏக்கர் வரி அறவிடச் சட்டத்திலே இடமுண்டு. அதைக் கட்ட வேண்டியது கம்பனி. ஆனால் அந்த நிலத்தை விளைவிப்பது யாருடைய கை? இரண்டாவது, சம்பள நாளில் நகரத்துக் கடைகளில் நிற்கும் கூட்டத்தைப் பாருங்கள். அந்தக் கடைக்காரர் கட்டும் வரியும் வாடகையும் எந்தப் பணத்திலிருந்து வருகின்றன? மூன்றாவது காரணம் வரலாறு. கிராமியக் குழுக்களின் வாக்குரிமையை 1930களில் விரிவாக்கியபோது தோட்டத் தொழிலாளரை வெளியே நிறுத்தினார்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமையையே எடுத்துவிட்டது. அது முழுமையாகத் திரும்பி வர 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டமும், சபைப் பணத்தைத் தோட்டத்துக்குள் தாராளமாகச் செலவிட இடந்தரவில்லை. வாக்குப் போடலாம், உறுப்பினராகவும் வரலாம், ஆனால் சபையின் தார் தோட்ட எல்லையோடு நின்றுவிடும்! அந்தத் தடையை நீக்கும் திருத்தம் 2018இல்தான் நிறைவேறியது. மூன்று தலைமுறைக்குச் சபையின் வீதியும் விளக்கும் கிடைக்காத மக்களிடம், நகரப் பூங்காவின் வாசலில் வரிப் பற்றுச்சீட்டுக் கேட்பது நீதியாகுமா?

மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட சுற்றுமடலில், சில இடங்களைத் தனியார்மயமாக்கியதால் அழகிய இடங்களை அணுகுவது மக்களுக்குக் கடினமாகிவிட்டது என்று குறிப்பிட்டார். அவர் எந்த ஊரை நினைத்து எழுதினாலும், அது நம் மலைகளுக்கும் பொருந்துகிறது. லிப்டன் சீட் உச்சியைப் பார்க்க வருகிறவர் டிக்கட் வாங்குகிறார். அதைச் சுற்றியுள்ள மலையில் கொழுந்து எடுப்பவருக்கோ அந்த அழகெல்லாம் வேலைத்தலம் மட்டுமே.

நம் வீட்டுக் கூரையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஹப்புத்தளைக்கு அருகே சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டிய அடிஷாம் மாளிகை 1960களின் தொடக்கத்திலிருந்து பெனடிக்ற் சபைத் துறவிகளின் மடமாக இருக்கிறது. பார்க்க வருவோர் கட்டணம் கொடுத்தே நுழைகிறார்கள். “சாமிமாரும் டிக்கட் விற்கிறார்களே” என்று யாரும் கேட்கலாம். அதில் நான் தவறு காணவில்லை. அது ஒரு மடம். துறவிகள் தங்கள் வீட்டைத் திறந்து விருந்தினரை விடுகிறார்கள். மூடியிருந்ததைத் திறப்பது ஒன்று, திறந்திருந்ததை மூடுவது வேறு. ஆனால் இன்னொன்றைச் சொல்ல எனக்கே சங்கடமாக இருக்கிறது. திருவிழாக்களுக்கும் களியாட்ட விழாக்களுக்கும் நாமும் நகரத் திடலைக் கேட்கிறோம். நாமும் தகரம் அடித்ததுண்டு. கோவிலுக்காகத்தானே என்று கட்டணமும் கட்டாமல் பெற்றதுண்டு. பன்சலைக்கும் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் இதே வழக்கம் இருப்பதால் ஒருவரும் ஒருவரைக் கேட்பதில்லை. கடவுளின் பெயரால் அடைத்தாலும் வெளியே நிற்கும் பிள்ளைக்குத் தகரம் தகரம்தான்.

அப்படியானால் பூங்காவில் எந்நாளும் எதுவுமே நடக்கக் கூடாதா? அப்படிச் சொல்ல நான் ஆயத்தமில்லை. களியாட்டமும் மக்களுக்கு வேண்டியதுதான். மரணக் கிணற்றில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவனுக்கும் வயிறு இருக்கிறது. திடலில் ஒரு பாதியையேனும் திறந்து வைத்து, நாட்களை எண்ணிக் கொடுத்து, வந்த பணத்தை அந்தத் திடலுக்கே செலவழித்து, லொறிச் சக்கரம் உழுத புல்லை மீண்டும் நட்டுக் கொடுக்கும்படி முற்பணம் வாங்கி, இவற்றையெல்லாம் ஒப்பந்தத்துக்கு முன்பே நகரத்தாரும் தோட்டத்தாரும் அறிய மூன்று மொழியிலும் அறிவித்தால், எனக்கு எதிர்ப்பில்லை. அந்த உறுப்பினரிடம் இதைத்தான் சொன்னேன். “நியாயம்தான் பாதர், ஆனால் போன முறை வந்த பணம் எதற்குச் செலவானது என்று எனக்கே தெரியாது” என்றார். பொது நிதியில் கலந்துவிட்டதாம். முதலில் மின்குமிழ், மதில் என்று அவர் சொன்ன கணக்கு அந்த ஒரு வசனத்தில் கரைந்துபோனது.

2005ஆம் ஆண்டு வழக்கில் விபரம் கேட்டவர்கள் உயர் நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. இன்று 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. எந்தப் பிரசையும் கேட்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, தமிழிலேயே எழுதலாம், தகவல் அலுவலர் பதினான்கு வேலை நாட்களுக்குள் தம் முடிவைத் தெரிவிக்க வேண்டும்.

வாய்க்கால் கட்டில் உட்கார்ந்திருந்த அந்தத் தாயின் மூத்த மகள் உயர்தர வகுப்பில் படிக்கிறாள். சென்ற வாரம் பங்கு மனைக்கு வந்து, என் மேசையில் உட்கார்ந்து, தன் கையாலேயே விண்ணப்பத்தை எழுதினாள். கேள்விகள் மூன்று: பூங்காவை எத்தனை நாட்களுக்குக் கொடுத்தீர்கள், எவ்வளவு பெற்றீர்கள், எதற்குச் செலவிட்டீர்கள். நான் இரண்டிடத்தில் எழுத்துப்பிழை திருத்தியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. தாய் அதைச் சபைக் காரியாலயத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டும் வாங்கி வந்திருக்கிறார். பதில் வந்ததும் இதே பக்கத்தில் வெளியிடுவோம்.